கம்பம் பார்க்காத புழு

முனிரத்தினம் அறுத்த செந்தூரா மாம்பழத்துக்குள் புழு நெளிந்தது. பூச்சி வந்தால் கண்டுபிடித்துச் சொல்ல அரசு நட்டுவைத்த தோட்டத்துக் காவல் கம்பமோ நாற்பதாவது நாளாக, "பழ ஈ இல்லை" என்று கம்பீரமாக அறிவித்தது. முதல் நாளிலிருந்தே அதன்மேல் அவருக்குச் சந்தேகம்தான். ஆனால் கம்பம் ஒப்புக்கொள்ளாமல் ஈப்பொறி கட்டினால் எந்த மண்டியும் பழம் வாங்காது. கட்டாவிட்டால் விற்கப் பழமே மிஞ்சாது.

சோதனைக்கு வந்த அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு புழுவை ஆராய்ந்தார்.

"கம்பம் தப்பே பண்ணாதுய்யா. இது வேற என்னமோ."

"வேற என்ன சார், சேமியாவா?"

அதிகாரி ஓரக்கண்ணால் கம்பத்தைப் பார்த்தார். முனிரத்தினத்தைக் காருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய், டிக்கியிலிருந்து பழைய ஈப்பொறி டப்பா ஒன்றை எடுத்து அவர் மடியில் செருகினார்.

"இலை மறைவுல கட்டுய்யா. எங்க வீட்டு மரத்துலயும் இதான் தொங்குது."