ஆறு உறைகள்

துணி மாட்டும் கம்பியை நிமிர்த்தி, அதன் நுனியில் மென்ற பபிள்கம்மை ஒட்டி, நூலக வாசலில் இருந்த வாக்குப் பெட்டியின் வாய்க்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் மார்வா. வயது எழுபத்தொன்று. தேவாலயச் சமையல் குழுவின் தலைவி. நேரமோ பட்டப்பகல்.

‘பெட்டியில் கை வைப்பது குற்றம்’ என்ற எச்சரிக்கை அவள் மூக்குக்கு நேரே ஒட்டியிருந்தது. அதைப் படித்தாள். இந்த வாரம் அவள் முழுசாகப் படித்த இரண்டாவது விஷயம் அதுதான்.

பின்னால் ஒரு கார் வந்து நின்றது.

“என்ன மார்வா, மீன் ஏதாவது சிக்குதா?”

ஹார்லன். போயும் போயும் இவர் கண்ணிலா பட வேண்டும்! ஒன்றாம் வகுப்பிலிருந்தே சிநேகிதர். போன வருஷம் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. காரை ஓட்டி வந்தவள் யெசேனியா. தினமும் காலையில் வந்து அவரைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, சாப்பிட வைக்கிறவள். அவள் சம்பளத்தை மாநில அரசு கொடுக்கிறது.

யெசேனியாவைப் பார்த்ததும் மார்வா பிடியை விட்டுவிட்டாள். கம்பி நழுவி, பெட்டிக்குள்ளேயே விழுந்தது.

“ஹார்லன்... நான் உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்.”

“என் மேல கேஸ் கீஸ் போட்டியா?”

“விளையாடாத. சனிக்கிழமை என் வீட்டுல நடந்துச்சே, அதைச் சொல்றேன்.”

அமெரிக்காவில், கிழக்கு ஆரிகனின் அந்தச் சின்ன ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். வாக்குச்சீட்டு தபாலில் வந்ததும் மார்வாவின் மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்காருவார்கள். இந்த முறை வேட்பாளர்கள் போக ஆறு சட்டங்களுக்கும் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று ஓட்டு. ஆளுக்கொரு சட்டத்தை வீட்டில் படித்து வந்து மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். மார்வாவின் பங்குக்கு வந்தது மூன்றாம் எண்.

சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட வாக்காளர் கையேட்டை மேசையில் தட்டித் தட்டி அவள் முழங்கினாள். “இதுல யோசிக்க என்ன இருக்கு? வண்டிப் பதிவுக் கட்டணம் பாதியாகுது. ஆமாம்னு போடுங்க. நான் நேத்தே போட்டு, உறையை ஒட்டி, கையெழுத்தும் வச்சாச்சு!”

சொல்லிவிட்டுப் பூசணி கேக் எடுத்துவர அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் சமர்த்தாகக் குனிந்து, கையால் மறைத்துக்கொண்டு, சீட்டில் வட்டங்களைக் கருப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். தன் பேச்சு அவ்வளவு எடுபட்டதில் மார்வாவுக்கு ஏகப்பட்ட பெருமை. ஆறு உறைகளையும் அவளே எடுத்து வந்து இந்தப் பெட்டியில் போட்டாள்.

“இன்னைக்குக் காலையில பல் டாக்டர்கிட்ட உக்காந்திருந்தேன். அங்க கிடந்த கையேட்டைப் புரட்டினேன்” என்றாள் இப்போது. “கட்டணத்தைக் குறைச்சா துண்டு விழும்ல? அதை எங்கேருந்து எடுப்பாங்கன்னு கீழ போட்டிருக்கு. வீட்டுப் பராமரிப்பு நிதியிலேருந்தாம்.”

யெசேனியா ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பொண்ணோட சம்பளமே அதுதானே. இவ வரலைன்னா உன்னை நூறு மைல் தள்ளி ஏதோ ஒரு இல்லத்துல கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க. உன் நாய்க்கு யாரு சோறு வைப்பா?” மார்வா காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். “நான் படிக்கவே இல்ல, ஹார்லன். டி.வி. விளம்பரத்துல கேட்டதைத்தான் ஒப்பிச்சேன். என் வாயால ஆறு ஓட்டு! பாவி, உன்னையும் உன் கையாலேயே போட வச்சுட்டேனே!”

தேம்பித் தேம்பி அழுதாள். அழுகையினூடே, கம்பி வேறு உள்ளே விழுந்துவிட்டதே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

“ஏய், அழாத. நீ படிக்கலைன்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும்.”

“எப்படி?”

“தபால்காரர் போட்ட ரப்பர் பேண்டைக்கூட நீ கழட்டலையே. போட்டது போட்டபடி இருந்துச்சு.”

மார்வா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எனக்கு யெசேனியா அந்தப் பக்கத்தை வரி விடாம படிச்சுக் காட்டியிருந்தா. நீ கேக் எடுக்கப் போன நேரத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நாங்க அஞ்சு பேரும் இல்லைன்னுதான் போட்டோம்.”

“நிஜமாவா?” போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. “கடவுளே! ரெண்டு மணி நேரமா வயித்துல நெருப்பைக் கட்டிட்டு அலையறேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நீதான் ஒட்டிக் கையெழுத்து வச்சு முடிச்சிட்டியே. கேக்கும் கையுமா வந்து நிக்கிறவளை எதுக்கு நோகடிக்கணும்னு விட்டுட்டோம்.”

மார்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பெட்டியைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். “அப்ப இதுக்குள்ள உனக்கு வில்லங்கம் ஒண்ணும் இல்ல!”

ஹார்லன் சிரிக்கவில்லை. நல்ல கையால் கார்க் கண்ணாடியை மெல்ல ஏற்றிக்கொண்டே சொன்னார்.

“ஒண்ணு இருக்கு, மார்வா. உன்னோடது.”