தேனில் அரை மாத்திரை

இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். அரை மாத்திரை பொடியானது. கொஞ்சம் தேன் விட்டுக் குழைத்தாள்.

மகள் தாரணிகா சமர்த்தாக நாக்கை நீட்டினாள். வாயைத் திறப்பதில் அவளுக்குச் சிக்கலே இல்லை. பேச்சுதான் வராது.

மாத்திரை தொடங்கி நாற்பத்தோராம் நாள்.

முன்பெல்லாம் பள்ளியில் மட்டும்தான் பேசமாட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். வாய் ஓயாது. சோபா மேல் ஏறி நின்று, தமிழ்ப் பாடத்தை ராகம் போட்டு வாசிப்பாள்.

வாசிப்புத் தேர்வுக்கு மார்க் போட வேண்டும், வீட்டில் வாசிப்பதை அனுப்பினால் போதும் என்றார் டீச்சர். அம்மா கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று போனில் பதிவு செய்து அனுப்பினாள். பெருமைதான். வேறென்ன.

டீச்சரும் நல்லவர்தான். பிள்ளைக்குத் தைரியம் வரட்டும் என்று அதை வகுப்பில் போட்டுவிட்டார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கைதட்டினார்களாம்.

அன்று மாலை செருப்பைக் கழற்றிய தாரணிகா, அம்மாவிடமும் பேசவில்லை.

அதன் பிறகுதான் டாக்டர். சின்னப் பிள்ளைக்குப் போய் மாத்திரையா என்று கேட்காத ஆள் இல்லை. மாத்திரை பயத்தைக் குறைக்கும், பேச்சு மெதுவாகத்தான் வரும், ஒரு வார்த்தை வந்தாலும் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

வாசலில் ஆட்டோ ஹார்ன் அடித்தது. தாரணிகா பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அம்மா கரண்டியைக் கழுவப் போனாள். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் ஆட்டோ நிற்கும்.

ஒரு குரல் கேட்டது.

குழாயை மூடினாள்.

அதே குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. என் தங்கமே! டாக்டர் கேட்க வேண்டுமே! ஈரக் கையோடு போனை எடுத்து ஜன்னல் கம்பி வழியே நீட்டினாள். சிவப்புப் புள்ளி மின்னத் தொடங்கியது.

"அட, பாப்பா பேசுது! இரு, அம்மாவக் கூப்புடுறேன்" என்றார் ஆட்டோக்காரர்.

"வேணாம் அங்கிள். அம்மாகிட்ட சொல்லாதீங்க. போன்ல புடிச்சிருவாங்க."

ஆட்டோ கிளம்பிப் போனது.

கையில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் கீரைக்காரர் கூவியது அதில் பதிவானது.

நிறுத்தினாள். சேமிக்கவா, அழிக்கவா என்று போன் கேட்டது.

இரண்டு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே குரல்.

அழித்தாள்.

மாலையில் ஆட்டோ சத்தம் கேட்டபோது, போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். வாசலுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

தாரணிகா செருப்பைக் கழற்றினாள்.

அம்மாவின் கைகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

உதடு லேசாகப் பிரிந்தது.

பிறகு மெல்ல நடந்து போய், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.