பேச்சியின் கோடுகள்

மனைவி பேச்சியின் கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமென்று சடையாண்டி பேனர் கடைக்கு வந்தார். அவர் கொண்டுவந்த ஃபைலை போட்டோ சாஃப்ட்வேரில் மூன்று தடவை திறந்தும் முகம் தெரியவில்லை.

"ஐயா, இது போட்டோ இல்ல, வெறும் கோட்டுப் படம். நெசப் போட்டோ வீட்ல இருக்கா?" என்றாள் கடைக்கார ரெஜினா.

இல்லை. போட்டோவிலிருந்து முகத்தைத் திருடி விற்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு வந்தபோது, எவனையும் நம்பாத சடையாண்டிதான் பேச்சியின் படங்களையெல்லாம் கோட்டுப் படமாக்கச் சொல்லி அசலை அழித்தார். "என் மூஞ்சிய எவன் காசு குடுத்து வாங்குவான்?" என்று அவள் அப்போது சிரித்தாள்.

"கோட்ட வச்சு மெஷினே முகத்த நிரப்பிரும். செய்யவா?" என்றாள் ரெஜினா.

"மெஷினுக்கு அவளத் தெரியுமாக்கும்? சரி, செஞ்சு தொல."

திரையில் ஒரு பெண் வந்தாள். சுருக்கமே இல்லாமல் பளிச்சென்று இருந்தாள்.

"இவங்கதான, ஐயா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். எங்கே தப்பு என்று காட்டுவதற்காகக் கண்ணை மூடிப் பேச்சியின் முகத்தை நினைத்துப் பார்த்தார். செத்துப் பதினைந்து நாள்தான் ஆகிறது. திரையில் இருந்தவள்தான் வந்து நின்றாள்.