ஓரத்தில் ராணி

விலைமதிப்பில்லாத அந்தப் பொருளுக்குக் கடைக்காரர் சொன்ன விலை நாற்பதாயிரம்.

பேரரசர் தன் கைப்பட எழுதிய சுயசரிதை. தொட்டில் முதல், பேரரசு கவிழ்ந்ததற்கு முந்தின நாள் வரை.

"தாத்தா காலத்துலேர்ந்து எங்க வீட்டுப் பெட்டியில இருந்தது, மேடம்."

"போன மாசம் ஏலத்துல எடுத்தது," என்றாள் மனைவி, கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல்.

கடைக்காரர் அசரவில்லை. இருபது வருடமாக அவர் எதைச் சொன்னாலும் பின்னாலேயே திருத்தம் வரும். இன்றைய கவலை வேறு. இது விற்காவிட்டால், வாடகை பாக்கிக்கு நாளை கடைக்குப் பூட்டு.

வரலாற்றுப் பேராசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். முதலில் மெதுவாக. பிறகு வேகவேகமாக.

"ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கணுமே?"

கடைக்காரர் முகம் மலர்ந்தது.

"அதை ஏன் கேக்கறீங்க! எந்தப் பயலோ பக்கத்துக்குப் பக்கம் கிறுக்கி வச்சிருந்தான். ஒரு வாரம் உக்காந்து, ஒண்ணு விடாம துடைச்சுட்டேன். அதுக்குத் தனியா காசு கேக்கல பாருங்க."

பேராசிரியை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"பயல் இல்லீங்க. ராணி. ராஜா எங்கெங்க புளுகியிருக்கார்னு படிச்சுப் படிச்சுக் குறிச்சு வச்சாங்களாம். ராணியோட தோழி ஒருத்தி கடிதத்துல எழுதியிருக்கா. ராஜா சொன்னது அச்சுலயே கிடைக்குது. பேரரசு ஏன் கவிழ்ந்துச்சுன்னு ராணிகிட்ட கேக்கத்தான் நான் வந்தேன்."

கடைக்காரருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. துடைக்கத் தெரிந்திருந்தது.

பேராசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மனைவி கல்லாவை விட்டு வந்தாள். புத்தகத்தை வாங்கி, தாள்களை ரூபாய்க் கட்டு எண்ணுவதுபோல் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஒண்ணு விடாமயா? இங்க ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டிருக்கு."

அடிக்கோலை நுழைத்து மெல்லப் பிரித்தாள். பேராசிரியை குனிந்து, பேரரசரின் வரியை வாய்விட்டுப் படித்தார்.

'என் ராணி ஒருநாளும் என் சொல்லை மறுத்ததில்லை.'

ஓரத்தில், பொடி எழுத்தில், ஒரே ஒரு பென்சில் சொல்.

'பொய்.'

பேராசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். பேரம் பேசாமல் நாற்பதாயிரத்தையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

"ஒரு சொல்லுக்கு நாற்பதாயிரம்," என்றாள் மனைவி.

"மத்தபடி சும்மா நாலஞ்சு கிறுக்கல்தான் இருந்துச்சு," என்றார் கடைக்காரர்.

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, தேய்ந்துபோன ரப்பர்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர்முன் வரிசையாக வைத்தாள்.

மொத்தம் ஏழு.