அக்கரைக்கு வளர்த்த விரால்

ஆற்றோரக் குட்டை ஒன்றில் கொக்கும் நீர்நாயும் கூட்டாக விரால் வளர்த்தன. கோடைக்கென்று சேர்த்த கருவாடு முழுவதையும் கொக்கு அதில் முதலாகப் போட்டிருந்தது. அக்கரை நாரைகள் விராலை வாங்கிக்கொண்டு இரட்டிப்பாகக் கருவாடு தருவதாகப் பேச்சு.

விரால் கைகொள்ளாமல் வளர்ந்த நேரத்தில், "வெளியூர் மீன் இனி வேண்டாம்" என்று நாரைகள் துறையை அடைத்துவிட்டன.

"கோடையில குட்டையும் வத்திடும், என் குஞ்சுங்க எதைத் தின்னும் அண்ணே?" என்று கொக்கு அழுதது.

"மீனும் தீனி கேட்டுக் கத்துது, நீயும் கத்தினா நான் யாரைப் பாக்குறது தாயி?" என்றது நீர்நாய்.

வேலியோரம் நின்ற பூனை செருமியது. "அக்கா, நாங்க வாங்கிக்கட்டுமா?"

"நீயா? இது ஏற்றுமதி மீனுடி!" என்றது கொக்கு.

"தெரியுமே. எட்டு மாசமா மோந்து பாக்கக்கூட விடலையே நீங்க! எங்க தெருவுல பதினோரு வீடு. எல்லாப் பரண்லயும் கருவாடு கிடக்கு."

நீர்நாய் வலையை எடுத்தது.

பொழுது சாய்வதற்குள் கொக்கின் கூடு கருவாட்டால் நிறைந்துவிட்டது. 'அப்பாடா' என்று உட்கார்ந்த கொக்கு, முதல்முறையாக ஒரு விராலை எடுத்து விழுங்கியது.

"அண்ணே," என்றது கண்ணை மூடிக்கொண்டே, "இதையா நாம ருசிகூடப் பாக்காம அனுப்ப இருந்தோம்?"