தரிசில் விளைந்த கம்பு

நிலத்தடி நீரைக் காப்பாற்ற, விதைக்காமல் போட்ட நிலத்துக்கு அரசு மானியம் தரத் தொடங்கிப் பதினோரு வருடமாகிவிட்டது. தரிசாய்க் கிடந்த உலகம்மாளின் கரிசல் காட்டில் அந்த வருட மழைக்கு ஏழெட்டுக் கம்புப் பயிர் தானாக முளைத்துக் கதிர் வாங்கியிருந்தது.

செயற்கைக்கோள் அதைப் பார்த்துவிட்டது. மூன்று நாளில் அகற்றாவிட்டால் மானியம் ரத்து என்று போனில் தகவல் வந்தது. கணவர் சண்முகவேலின் டயாலிசிஸ் அந்தப் பணத்தில்தான் நடந்தது.

மூன்றாம் நாள் காலை இருவரும் போய்ப் பிடுங்கினார்கள்.

“கல்யாணமான வருசம் இந்த மூலையிலதான கதிர் சுட்டுத் தந்தீக?” என்றாள் உலகம்மாள்.

அவர் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினார். சுட்ட கதிரைக் கசக்கி, உமியை ஊதி, அவள் உள்ளங்கையில் கொட்டினார். இளங்கம்பு பாலாய் இனித்தது. அவளுக்குக் கண் கலங்கியது.

அப்போது சரிபார்க்க அதிகாரி இன்பராஜ் வந்தார். பிடுங்கிய இடத்தைப் படமெடுத்து, ‘அகற்றப்பட்டது’ என்று பதிவு செய்தார்.

“மானியம் வந்துரும்ல, சார்?”

“வந்துரும்மா.”

சொல்லிவிட்டும் அவர் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தீயருகே குத்தவைத்து உட்கார்ந்தார்.

“எங்க காட்டுக் கம்பும் இப்படித்தான் மணக்கும்,” என்று கையை நீட்டினார். “ஒரு வாய் தாங்கம்மா.”