ஊசி வேண்டாம்

இனி இன்சுலின் ஊசிதான் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் தையல்காரி கணவருடன் வந்திருந்தாள். டாக்டரோ ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"சர்க்கரை நல்லாக் குறைஞ்சிருக்கேம்மா. ஊசி வேண்டாம். வாக்கிங் போறீங்களா?"

"தையல் மெஷினை விட்டுட்டு எங்க போறது?"

"சாப்பாட்டை மாத்தினீங்களா?"

"அதே சாப்பாடு, அதே மாத்திரைதான்."

"அப்ப எல்லாம் வீட்டுக்காரர் கவனிப்புதான். எவ்வளவு அமைதியா உக்காந்திருக்கார் பாருங்க."

"அவருக்குத் தொண்டையில ஆபரேஷன், டாக்டர். வாயே திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. கல்யாணமானதுல இருந்து இப்பதான் திட்டு வாங்காமத் தூங்குறேன்."

கணவர் தரையைப் பார்த்தார். டாக்டருக்குப் பொறி தட்டியது.

"அவருக்குக் குரல் திரும்பினா, சர்க்கரையும் ஏறிடுமே?"

"ஏறாது." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவருக்கு முன்னாடியே என் குரல் திரும்பிடுச்சு."